தரங்கம்பாடியில் மூன்று நாள் குடும்ப முகாம்: ஆட்டிசம் உள்ள பையனோடு போகலாமா?

குடமுருட்டிக்கரை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருவையாறு பக்கம். பெரியவனுக்கு 9 வயது, ஆட்டிசம். பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. "தண்ணி", "கதவு", "வேணாம்" என்று ஒரு பதினைந்து வார்த்தை இருக்கிறது, அதில் "வேணாம்" மட்டும் ரொம்பத் தெளிவு. சின்னவளுக்கு 6. அவன் தெரபிக்குப் போகிற இடத்தில் மாசி மாதம் தரங்கம்பாடியில் ஒரு குடும்ப முகாம் வைக்கிறார்கள். மூன்று பகல், இரண்டு ராத்திரி. பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு வருகிற முகாம் இல்லை, அம்மா அப்பா கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் அங்கேயே தங்க வேண்டும். இருபது குடும்பம் வருமாம். தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் குடும்பத்துக்கு 2,500 ரூபாய். பெயர் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது, நான் தினமும் அந்த நோட்டீசை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் பயம் தண்ணீர். எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம் குடமுருட்டி. ஜூன் 12 மேட்டூரைத் திறந்தால் ஊருக்கே சந்தோஷம், எனக்கு மட்டும் அது கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போடுகிற நாள். தண்ணீர் கண்ணில் பட்டால் அவன் கால் தானாக அந்தப் பக்கம் போகும், ஆழம் பயம் எதுவும் கிடையாது. இப்போது கடலுக்குப் பக்கத்திலேயே போய் மூன்று நாள் இரு என்கிறார்கள்.

அப்புறம் சாப்பாடு. அவனுக்கு எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். இட்லி, தொட்டுக்கொள்ளச் சீனி. தயிர்சாதம், தாளிக்காமல். ஒரு கடுகு கண்ணில் பட்டால் தட்டு பறக்கும். கழிப்பறை என்றால் வெஸ்டர்ன்தான், குத்துக்கால் வைத்து உட்காரவே மாட்டான். சத்தம் பற்றிச் சொல்லவே வேண்டாம். சான்றிதழில் "புற உலகச் சிந்தனையற்ற" என்று போட்டுக் கொடுத்தார்கள், மூன்றாவது வீட்டில் குக்கர் விசில் அடித்தால் வந்து பாருங்கள் இவனுக்குப் புற உலகச் சிந்தனை எவ்வளவு என்று.

வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உனக்குத் தோணினா போவோம்" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். மாமியார், "வீட்டுக்குள்ள இருக்கிற கஷ்டத்த ஊர் ஊரா தூக்கிட்டுப் போகணுமா" என்கிறார். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள், அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவரே அவர்தான்.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். தவில் ஆரம்பித்ததும் இவன் மண்டபத் தரையில் படுத்து அலறியதில், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. ஒருத்தர் போனால் ஒருத்தர் வீட்டில்.

இந்த மாதிரி முகாமுக்குப் போனவர்கள் சொல்லுங்கள். முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும், என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? முடியாமல் பாதியில் திரும்பி வந்தால் அசிங்கமா?

கும்பகோணம் பாப்பா அம்மா:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அசிங்கமே இல்லை. நாங்கள் போன முதல் முகாமில் முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பி வந்துவிட்டோம், பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன், பாப்பா தூங்கினாள். அடுத்த வருடம் போய் முழுசாக இருந்தோம். இதுவரை நாலு முகாம் ஆகிவிட்டது.

என் பொண்ணுக்கு 13 வயது, மூளை முடக்குவாதம், வலிப்பும் உண்டு. உங்கள் பையன் ஓடுவான், என் பொண்ணை நான் தூக்க வேண்டும், அதனால் நான் சொல்வது எல்லாமே உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் கழிப்பறை எல்லோருக்கும் பொது. போன் போட்டு "வசதி இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். "எல்லா வசதியும் இருக்கும்மா, நீங்க வாங்க" என்பார்கள். நானும் நம்பிப் போனேன், கழிப்பறைக்கு முன்னால் மூன்று படி, உள்ளே சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை, வெஸ்டர்ன் இருந்த ஒரே அறையைச் சிறப்பு விருந்தினருக்கு என்று பூட்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்து நான் கேட்பது ஒன்றுதான்: கழிப்பறையை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அனுப்பினால் அந்த முகாமை நம்பிப் போகலாம்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரையோ சிரப்போ எதுவாக இருந்தாலும் மூன்று நாளைக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு, இரண்டு பையில். ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம். பாப்பாவின் வலிப்பு சிரப் பாட்டில் ஒரு முறை பைக்குள்ளேயே உடைந்து, நாங்கள் ராத்திரி எட்டு மணிக்கு மருந்துக் கடை கடையாக அலைந்தோம். தூக்கம் கெட்டாலும் ஒரு வேளை மருந்து தப்பினாலும் வலிப்பு வரும், முகாமில் இரண்டும் நடக்கிற வாய்ப்பு அதிகம்.

கடற்கரையில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் மண்ணில் புதைந்துவிடும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி போக மரப்பாதை போட்டுத் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியை அடித்துப் போட்டது, அப்புறம் சரிசெய்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு பழைய பலகை. ஒன்றின் மேல் நாற்காலியை நிறுத்தி, இன்னொன்றை முன்னால் போட்டு, அதில் ஏற்றி, பின்னால் இருப்பதை எடுத்து மறுபடி முன்னால் போட்டு, இப்படியே நாலு அப்பாக்கள் சேர்ந்து அலை வரைக்கும் கொண்டுபோனார்கள். அரை மணி நேரம் ஆனது. அலை வந்து காலில் பட்டதும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் ஓடி வந்துவிட்டார், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று சொல்லிப் புரியவைத்தோம்.

பகலில் பாட்டு, களிமண், பட்டம் என்று என்னென்னவோ வைப்பார்கள். நல்லதுதான், ஆனால் நான் மறுபடி மறுபடி போவது ராத்திரிக்காக. பிள்ளைகள் தூங்கிய பிறகு அம்மாக்கள் வராண்டாவில் உட்கார்ந்து பேசுவோம், மணி ஒன்று ஒன்றரை ஆகும். நிராமயா காப்பீடு என்று ஒன்று இருப்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலு பேருக்கும் தேசிய அறக்கட்டளை மூலமாக, வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, அதில் தெரபி செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. எந்த டாக்டரும் சொல்லாததை, புடவைத் தலைப்பால் கொசு விரட்டிக்கொண்டே ஒரு அம்மா சொன்னார். பிள்ளைக்கு 18 முடிந்தால் பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும், அதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது என்பதையும் அதே வராண்டாவில்தான் கேட்டேன். உங்களுக்கு அதற்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, இப்போதே தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

மன்னார்குடி அப்பா:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நாங்கள் போன ஒரு முகாமில் காலை பத்து மணிக்குத் தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்றே முக்கால். அதுவரை மைக் செட்டில் பாட்டு. அப்புறம் குத்துவிளக்கு, பொன்னாடை, ஆளுக்குப் பத்து நிமிடம் பேச்சு. சத்தம் ஆகாத பிள்ளைகளுக்காக வைத்த முகாமில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு! என் மகன் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். அவனை இழுத்து மேடை ஏற்றி, ஒரு பையைக் கையில் கொடுத்து, "தம்பி இங்க பாரு, இங்க பாரு" என்று போட்டோ எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஃபேஸ்புக்கில் அந்தப் படம், மேலே "தெய்வக் குழந்தைகள்" என்று எழுதி, மூலையில் நன்கொடை கொடுத்த கடையின் விளம்பரம். என் ஆபீசில் ஒருத்தர் அதைக் காட்டி, "சார், இது உங்க பையனா, சொல்லவே இல்லையே" என்றார். சொல்லாதது என் இஷ்டம்தானே.

அதனால் சகோதரி, பெயர் கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்: போட்டோ எடுப்பதாக இருந்தால் எங்களைக் கேட்டுவிட்டு எடுங்கள், வெளியே போடக் கூடாது. வாயால் சொன்னால் போதாது. தொடக்க விழாவுக்கு உள்ளே போகாதீர்கள். பஸ் லேட் என்று சொல்லிவிடுங்கள். விளக்கேற்றி, விருந்தினர் சாப்பிட்டுவிட்டுக் கார் ஏறிய பிறகுதான் முகாம் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அடுத்த வருடம் வேறு ஒரு முகாமுக்குப் போனேன், ஏன் என்று கேட்டால், என் மனைவி வராண்டாவில் சிரித்ததைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்லுங்கள். "தந்தையர் கலந்துரையாடல்" என்று ஒரு மணி நேரம் போடுவார்கள், வட்டமாக உட்காரவைப்பார்கள். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டோம், ஆளாளுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதை வைத்து இது நமக்கு ஆகாது என்று அவர் முடிவு கட்டிவிட வேண்டாம். சாயங்காலம் சமையல்கட்டுக்குத் தண்ணீர்க் கேன் தூக்க ஆள் கூப்பிடுவார்கள், அதற்குப் போகச் சொல்லுங்கள். பேச்சு அங்கேதான் வரும்.

ஒரத்தநாடு வாசி:

எல்லோரும் போ போ என்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். ஒரு வருடமாக நாலு பேரும் சேர்ந்து வீட்டை விட்டே போகாதவர்கள் எடுத்த எடுப்பில் இரண்டு ராத்திரி கடலோரம் தங்குவது அதிகம். முதலில் ஒரு நாள் கல்லணை போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், திருவையாற்றிலிருந்து என்ன தூரம்? அதுவும் லீவு நாள் இல்லாமல், கூட்டம் இல்லாத புதன்கிழமை மாதிரி. அது நடந்தால் அடுத்தது. நாங்கள் அவசரப்பட்டுப் போய் மகளுக்கு மூன்று வாரம் தூக்கம் போனது. தப்பாக நினைக்க வேண்டாம்.

வளமைய டீச்சர்:

வணக்கம் அம்மா. நான் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர், வட்டார வள மையத்தில் வேலை. முகாம்களில் அந்தப் பக்கம் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரத்தநாடு நண்பர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், ஆனால் அதையே இதற்கான ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம்.

கடலைப் பற்றி முதலில். நீங்கள் பயப்படுவது நியாயம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கண் மறைந்த நேரத்தில் வெளியே நடந்துவிடுவதும், நடந்தால் தண்ணீரைத் தேடிப் போவதும் உலகம் முழுக்கப் பார்த்ததுதான், அப்படிப் போகும் பிள்ளைகள் சாவதற்கு முக்கியக் காரணமே நீரில் மூழ்குவது. அதனால் "எல்லோரும் பார்த்துப்போம்" என்பதை மட்டும் ஏற்காதீர்கள். எல்லோரும் பார்ப்பது என்றால் ஒருத்தரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மணிக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இந்த ஒரு மணி நேரம் அம்மா, அடுத்த ஒரு மணி நேரம் அப்பா. மாற்றிக்கொள்ளும்போது "இப்ப உன்கிட்ட" என்று வாய்விட்டுச் சொல்லிக் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அறைக் கதவில் ஒரு சின்ன மணியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள், மாட்டுக்குக் கட்டுகிற சலங்கை போதும், ராத்திரி கதவு அசைந்தால் கேட்கும். மூன்று நாளும் அவனுக்குப் பளிச்சென்ற ஒரே நிறச் சட்டை. சட்டைக்கு உள்பக்கம் உங்கள் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள், கழுத்தில் மாட்டுகிற அட்டையை அவன் பிய்த்துவிடுவான். தரங்கம்பாடியில் மாசிலாமணி நாதர் கோயில் பக்கம் கடல் அரிப்புக்காகப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், அங்கே அவனைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள், வழுக்கும். மணல் இருக்கிற பக்கம் மட்டும்.

அடுத்தது, போகப்போகிற இடம் அவனுக்கு முன்னாலேயே பழகியிருக்க வேண்டும். முகாம்காரர்களிடம் கழிப்பறை போட்டோ கேட்கும்போதே வாசல், படுக்கிற அறை, சாப்பிடுகிற இடம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் ஒட்டித் தினமும் காட்டுங்கள். ரயில், பஸ், இந்த வீடு, இந்தப் பாய், அப்புறம் நம்ம வீடு. கடைசிப் பக்கத்தில் கட்டாயம் உங்கள் வீட்டுப் படம் இருக்க வேண்டும். திரும்பி வருவோம் என்பது அவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் பாதி அழுகைக்குக் காரணம்.

காதுக்கு, ஹார்டுவேர் கடையில் மிஷின் வேலைக்காரர்கள் மாட்டுகிற காதுக்கவசம் கிடைக்கும். இப்போதிருந்தே வீட்டில் ஐந்து ஐந்து நிமிடம் மாட்டிப் பழக்குங்கள், அங்கே போய் முதல் முறையாக மாட்டினால் தூக்கி எறிவான். இட்லியை நீங்களே கொண்டுபோங்கள். வெட்கப்பட வேண்டாம். முகாம் பிள்ளைக்குப் புது ருசி பழக்குகிற இடம் இல்லை.

ஒன்று பொதுவாக, இங்கே படிக்கிற எல்லோருக்கும். முகாமில் எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் ஒரு துண்டு வைத்து, மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வருகிற தன்னார்வலர்களுக்கு இது தெரியுமா என்று முன்னாலேயே கேளுங்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள்தான் வருவார்கள், அன்பாக இருப்பார்கள், ஆனால் ஒருத்தருக்கும் யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நாகை அக்கா:

நான் அம்மா இல்லை, அக்கா. என் தம்பிக்கு 27 வயது, டவுன் சிண்ட்ரோம். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது வீட்டில் ஒரு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாளும் என்னிடம் எல்லோரும் சொன்ன ஒரே வாக்கியம், "நீதான் தம்பியப் பாத்துக்கணும், நீ சமத்து". இட்லி ஊட்டியது நான், செருப்பு தேடியது நான். மற்ற பிள்ளைகள் மண் வீடு கட்டும்போது நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தம்பி மேல் எனக்கு உயிர், இன்றைக்கும் அவன் என்னோடுதான் இருக்கிறான், ஆனால் அந்த முகாமை நினைத்தால் இப்போதும் கை விரல் வலிக்கிற மாதிரி இருக்கும்.

உங்கள் சின்னவளுக்கு 6 வயது என்றீர்கள். நீங்கள் எழுதியதில் அவளைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. குறையாகச் சொல்லவில்லை. முகாமில் கூடப்பிறந்தவர்களுக்கு என்று தனியாக ஏதாவது வைக்கிறார்களா என்று கேளுங்கள். வைக்கவில்லை என்றால் நீங்கள் ஒரு மணி நேரமாவது அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஐஸ் வாங்கிக் கொடுங்கள், அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.

குடமுருட்டிக்கரை அம்மா:

நாகை அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மேலே போய் நான் எழுதியதை மறுபடி பார்த்தேன். ஆமாம், ஒரே வரி.

போட்டோ கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை, அப்புறம் "எதோட போட்டோம்மா?" என்றார்கள். இரண்டு நாள் கழித்து வந்தது. நீல வாளி, நீல மக், வெஸ்டர்ன். பெயர் கொடுத்துவிட்டேன்.

குடமுருட்டிக்கரை அம்மா (முகாம் முடிந்த பிறகு):

போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. துணி துவைத்து முடிக்கவே நாலு நாள். பதில் எழுதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முகாமுக்கு முந்தின வாரமே ஒரு நாள் கல்லணை போனோம், ஒரத்தநாட்டுக்காரர் சொன்ன மாதிரி புதன்கிழமை. ஒரு மணி நேரம் இருந்தான். அந்தத் தைரியத்தில் கிளம்பினோம். தஞ்சாவூரில் ரயில் ஏறி மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ். ரயில் முழுக்க மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே வந்தான், ஒரு தொல்லையும் இல்லை. எதிரில் இருந்த பாட்டி "பையன் ரொம்ப சாது" என்றார், நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

தொடக்க விழாவைத் தப்ப நினைத்தோம், முடியவில்லை, நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் விருந்தினர் வந்திருக்கவில்லை! வாசலிலேயே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். அங்கே ஏற்கெனவே மூன்று குடும்பம் உட்கார்ந்திருந்தது.

முதல் ராத்திரி மோசம். கடல் சத்தம் நிற்கவே இல்லை, நிற்காத சத்தம் அவனுக்குப் புதுசு. நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அலறினான், என்னைக் கடித்தான், அவரை உதைத்தான். ஒரு மணிக்கு வீட்டுக்காரர் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார், விடிந்ததும் முதல் பஸ் என்று. நான் கதவைத் திறந்தேன், யாராவது என்ன சத்தம் என்று கேட்டு வந்திருப்பார்கள், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. ஒருத்தரும் வரவில்லை. எதிர் அறை வாசலில் ஒரு அப்பா, இருபது வயசுப் பையனோடு நடந்துகொண்டிருந்தார், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். எங்களைப் பார்த்து, "இவனுக்கும் முதல் ராத்திரி தூக்கம் வராது, வாங்க நடக்கலாம்" என்றார். வீட்டுக்காரர் பையை வைத்துவிட்டு, இவனுக்குக் காதுக்கவசத்தை மாட்டி, கூட நடந்தார். நாலு மணி வரைக்கும் நடந்திருக்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் "ஒண்ணும் பேசல" என்கிறார். ஆனால் காலையில் பை பிரிந்திருந்தது.

கடலுக்கு நாலு தடவை போனோம், இடுப்பில் ஒரு துண்டு கட்டி அதன் நுனியை அவர் கையில் சுற்றிக்கொண்டார். டீச்சர் சொன்ன "இப்ப உன்கிட்ட" வேலை செய்தது, ஒரு தடவை நான் சொல்லாமல் திரும்பியதற்கு அவர் கத்தியதும் அதனால்தான். டேனிஷ் கோட்டை, 1620-இல் கட்டியதாம், அதன் சுவர் அவனுக்கு ஏனோ பிடித்துப்போனது. சொரசொரப்பாக, உப்புப் பூத்து இருக்கிறது. உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே அந்தக் கோடி வரை போவான், திரும்ப வருவான். பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள்தான். நாங்கள் ஆறேழு குடும்பம் நின்றதால் யார் யாரைப் பார்ப்பது என்று அவர்களுக்கே குழப்பமாகிவிட்டது.

சாப்பாட்டில் ஒரு தப்பு செய்தேன். இரண்டு நாள் இட்லிதான் கொண்டுபோனேன், மாசி வெயிலில் இரண்டாம் நாள் சாயங்காலமே புளித்துவிட்டது. சமையல்கார அம்மா தாளிக்காத தயிர்சாதம் தனியாக எடுத்து வைத்தார். அதையும் முதலில் விரலால் கிளறி கடுகு தேடிவிட்டுத்தான் சாப்பிட்டான்.

சின்னவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் காணோம், எங்கே என்று தேடினால் கிணற்றடித் திண்ணையில் அவளும் இன்னொரு பொண்ணும், ஏழெட்டு வயசு, வேதாரண்யத்துப் பிள்ளை. இரண்டு பேரும் பாவாடையை முட்டி வரை சுருட்டி, சட்டைக் கையை ஏற்றிவிட்டு, எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். "இது எங்க அண்ணன் கடிச்சது. இது சைக்கிள்ல விழுந்தது, இது கணக்கு இல்ல." "எங்க அண்ணன் முடியப் பிடிச்சி இழுப்பான், அது கணக்கா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் மகள், "முடிக்குப் பாதி" என்றாள். நான் அப்படியே தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். வீட்டில் ஒரு நாள் கூட அவள் என்னிடம் வந்து அண்ணன் கடித்தான் என்று சொன்னதில்லை. கையில் தடம் பார்த்துக் கேட்டால்தான் சொல்வாள், அதுவும் "தெரியாம கடிச்சிட்டான்" என்று.

மூன்றாம் நாள் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன், அவளுக்கு மட்டும். அண்ணனுக்கு என்று ஒன்று வாங்கச் சொன்னாள். வெண்ணிலா, வெள்ளை என்பதால். நாகை அக்கா, மன்னிக்கவும், ஒரு வார்த்தை பேசாமல் இருக்க அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அவனும் நாலு நாள் சரியாகத் தூங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மாமியார் எதுவும் கேட்கவில்லை, அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து "கருத்துட்டான்" என்றார்.

கும்பகோணம் பாப்பா அம்மா:

படித்துவிட்டேன் தங்கச்சி. பாப்பாவுக்கும் படித்துக் காட்டினேன், கடுகு தேடிய இடத்தில் சிரித்தாள். எல்லாம் சொன்னாய், கழிப்பறை போட்டோவில் இருந்த மாதிரியே இருந்ததா?

குடமுருட்டிக்கரை அம்மா:

இருந்தது அக்கா. வாளி மட்டும் சிவப்பு. மாற்றி வைத்துவிட்டார்கள். அவன் உள்ளே போய் வாளியைப் பார்த்துவிட்டு, நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தை என் மூஞ்சிக்கு நேராகக் காட்டினான். சமையல்கட்டிலிருந்து நீல வாளியைத் தேடி எடுத்து வந்து வைத்த பிறகுதான் உட்கார்ந்தான்.